உர்த்தைன்: கல் தூக்கிய கைகளும் குத்துச்சண்டைப் பட்டமும்

ஹோசே மனுவேல் இபார் அஸ்பியாசு என்று முழுப்பெயரைச் சொன்னால் ஸ்பெயினிலேயே பலருக்கு யாரென்று விளங்காது. உர்த்தைன் என்று சொன்னால் போதும். அறுபது வயதைத் தாண்டிய ஸ்பானியர் எவரும் உடனே ஒரு முகபாவம் காட்டுவார். சிலரிடம் அது புன்னகை, சிலரிடம் ஒரு சங்கடம். ஹெவிவெயிட் பிரிவில் இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியனாக இருந்த ஒருவரின் பெயர் ஏன் சங்கடத்தைத் தர வேண்டும் என்பதுதான் அவரைப் பற்றி எழுத வேண்டிய காரணம்.

1943 மே 14 அன்று, வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் கிபுஸ்கோவா மாகாணத்தின் செஸ்தோவா என்ற சிற்றூர்ப் பகுதியில் அவர் பிறந்தார். ஸ்பானிய மொழியில் இவ்வூருக்குச் செஸ்தோனா என்று பெயர். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன இடம். 1969இல் இதன் அருகே எக்காயின் குகையில் வரலாற்றுக்கு முந்தைய குதிரை ஓவியங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த ஆண்டில் செஸ்தோனா என்ற பெயர் ஸ்பானியப் பத்திரிகைகளில் அடிபட்டதற்கு முதன்மையான காரணம் குதிரைகள் அல்ல, உர்த்தைன்.

உர்த்தைன் என்பது அவருடைய வீட்டின் பெயர். பாஸ்க் நாட்டுப்புறத்தில் பண்ணை வீட்டைப் 'பசெர்ரி' என்பார்கள். ஒவ்வொரு பசெர்ரிக்கும் ஒரு பெயர் உண்டு. அரசாங்கக் காகிதத்தில் குடும்பப் பெயர் எதுவாக இருந்தாலும் ஊரார் வாயில் வீட்டின் பெயர்தான் ஆளின் பெயர். இன்னார் வீட்டுப் பிள்ளை என்று நம் ஊர்களில் அடையாளம் சொல்வதற்கு இது மிக நெருக்கமானது. பின்னாளில் மாட்ரிட் விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் கோஷமிட்டது, உண்மையில், மலைச்சரிவில் இருந்த ஒரு விவசாயி வீட்டின் பெயரைத்தான்.

குத்துச்சண்டைக்கு வருமுன் அவர் கல் தூக்குபவர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவருடைய பலமும் பலவீனமும் இங்கேயே தொடங்குகின்றன. பாஸ்க் மக்களின் கிராமிய விளையாட்டுகள் எல்லாமே வேலையிலிருந்து பிறந்தவை. மரம் வெட்டுவது, புல் அறுப்பது, எருதுகளைக் கொண்டு பாறை இழுப்பது, கல் தூக்குவது. கல்லுக்கு நான்கு வடிவங்கள் உண்டு: உருளை, கனசதுரம், செவ்வகம், உருண்டை. எடையை 'அர்ரோபா' என்ற பழைய அளவில் கணக்கிடுவார்கள். ஓர் அர்ரோபா சுமார் 12.5 கிலோ. எட்டு அர்ரோபா, அதாவது 100 கிலோ எடையுள்ள கல், ஒரு தொழில்முறைக்காரனுக்குச் சாதாரணம். அதைத் தரையிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தோளுக்கு உருட்டி ஏற்றி, பிறகு கீழே போட வேண்டும். ஒருமுறை அல்ல. குறித்த நேரத்துக்குள் எத்தனை முறை என்பதே போட்டி. அதன்மேல் ஊரே பணம் கட்டும். பந்தயம் இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை.

தென் தமிழக ஊர்களின் கோயில் முற்றங்களில் கிடக்கும் இளவட்டக்கல் வாசகர்களுக்கு நினைவுக்கு வரலாம். ஒரு வேறுபாடு உண்டு. இளவட்டக்கல் ஊருக்குள் ஒருவன் ஆளாகிவிட்டதற்குச் சாட்சி. பாஸ்க் நாட்டின் கல்லோ, அதனுடன் சேர்ந்து, பிழைப்பாகவும் ஆகிவிட்டது. இளைஞர் இபார் அப்படித்தான் பெயர் வாங்கினார்.

இனி குத்துச்சண்டை. அந்த நிலத்திலிருந்து ஒரு ஹெவிவெயிட் வீரர் ஏற்கனவே வந்திருந்தார். பவுலினோ உஸ்குதுன், 1899இல் அதே கிபுஸ்கோவாவில் பிறந்த மரம்வெட்டி. 1926இல் பார்சிலோனாவில் இத்தாலியரான எர்மினியோ ஸ்பால்லாவை வென்று ஐரோப்பிய சாம்பியனானார். அமெரிக்கா சென்று பெரிய பெயர்களோடு மோதினார். 1931இல் ரீனோ நகரில் மேக்ஸ் பேரை 20 சுற்றுகளில் வென்றார். 1933இல் ரோமில் பிரிமோ கர்னேராவிடம் உலகப் பட்டத்துக்காக மோதித் தோற்றார். 1935இல் ஜோ லூயிஸ் அவரை நான்காவது சுற்றில் வீழ்த்தினார். தம் நீண்ட வாழ்க்கையில் உஸ்குதுன் அப்படி வீழ்த்தப்பட்டது அந்த ஒரு முறைதான். உள்நாட்டுப் போரில் அவர் ஃபிராங்கோவின் பக்கம் நின்றவர். எனவே 'காட்டிலிருந்து இறங்கி வந்த பாஸ்க் பலசாலி' என்ற பிம்பம் ஃபிராங்கோ கால ஸ்பெயினுக்குப் புதிதல்ல. அச்சு தயாராக இருந்தது, அதில் ஊற்றுவதற்கு ஆள்தான் தேவைப்பட்டது.

1960களின் பிற்பகுதியில் சான் செபாஸ்தியான் நகர வணிகர்கள் சிலர் கண்ணில் உர்த்தைன் பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை நெருங்கிவிட்டது. குத்துச்சண்டையின் பாலபாடங்களைப் பதினான்கு, பதினைந்து வயதில் கற்பவர்களே தேறுவது கடினம். கல் தூக்குபவனின் உடல் வேறு கணக்கில் கட்டப்பட்டது: முதுகு, இடுப்பு, தொடை, இறுகிய கைகள், எல்லாம் சுமையைத் தன்னை நோக்கி இழுத்து அணைப்பதற்காக. குத்துச்சண்டை இதற்கு நேர் எதிர். கை தளர்ந்திருக்க வேண்டும், தன்னிடமிருந்து வெளியே பாய வேண்டும், பாய்ந்த வேகத்தில் திரும்ப வேண்டும். கல் நகராது, எதிராளி நகர்வான். கல் திருப்பி அடிக்காது. ஹெவிவெயிட் வீரர்களிடையே உர்த்தைன் உயரமானவரும் அல்ல. தூரத்திலிருந்து ஜாப் அடித்தே அவரைக் களைக்க வைத்துவிடலாம். ஆனால் நெருங்கிவந்து ஒரு குத்து சரியாக விழுந்தால் எழுவது கடினம்.

1968 ஜூலையில் கிபுஸ்கோவாவின் ஓர்திசியாவில் முதல் தொழில்முறைப் போட்டி. 17 விநாடிகளில் முடிந்தது. அதன்பின் வரிசையாக நாக் அவுட்கள். இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட எதிராளிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். பெரும்பாலும் முதல் சில சுற்றுகளிலேயே. 'செஸ்தோனாவின் மொரோஸ்கோ' என்று பத்திரிகைகள் எழுதின. மொரோஸ்கோ என்றால் பாஸ்க் மொழியில் கட்டுமஸ்தான இளைஞன். செஸ்தோனாவின் புலி என்றும் சொன்னார்கள்.

அதே 1968 ஜூலையில்தான், வேல்ஸில் உள்ள போர்த்கால் நகரில், ஹோசே லெக்ரா என்ற ஸ்பானிய வீரர் ஹவார்ட் வின்ஸ்டனை ஐந்தாவது சுற்றில் நிறுத்தி ஃபெதர்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். லெக்ரா கியூபாவில் பிறந்த கறுப்பினத்தவர், கால்களில் நடனம் உள்ள கலைஞர். பெட்ரோ கர்ராஸ்கோ என்ற லைட்வெயிட் வீரரும் அப்போது ஐரோப்பிய சாம்பியனாக இருந்தார். தொழில்நுட்பத்தில் இருவரும் உர்த்தைனுக்கு எட்டாத உயரம். ஆனாலும் 1970இன் ஸ்பெயினில் தெருவுக்குத் தெரு பேசப்பட்ட பெயர் உர்த்தைன்தான். ஹெவிவெயிட் என்ற சொல்லுக்கே உள்ள கவர்ச்சி ஒரு காரணம். அரசுத் தொலைக்காட்சியைத் தவிர வேறு தொலைக்காட்சி இல்லாத நாடு என்பது இன்னொன்று. நாடு முழுவதும் ஒரே திரையைப் பார்க்கும்போது அதில் தெரியும் முகம் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாகிவிடுகிறது.

சந்தேகங்களும் கூடவே எழுந்தன. அடிவாங்கி விழுவதற்கென்றே வரவழைக்கப்பட்டவர்கள் என்று அந்த எதிராளிகளைப் பற்றி அப்போதே எழுதினார்கள். 'தொங்கோ', அதாவது முன்கூட்டியே பேசிவைத்த சண்டை, என்ற சொல் உர்த்தைன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நியாயம். புதிய வீரனுக்கு எளிய எதிராளிகளைத் தேடித்தந்து அவனுடைய கணக்கைக் கொழுக்க வைப்பது உலகெங்கும் குத்துச்சண்டை வியாபாரத்தின் வழக்கம். அது மோசடி அல்ல, ஆனால் நேர்மையும் அல்ல. பேசிவைத்த சண்டை என்பது வேறு. முதலாவது உர்த்தைன் விஷயத்தில் தாராளமாக நடந்தது என்பதை அவருடைய ஆரம்பகால எதிராளிகளின் பட்டியலைப் பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதை வைத்து அவருடைய வாழ்க்கை முழுவதையும் தள்ளிவிடுகிறவர்கள், பட்டத்துக்கான போட்டிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

1970 ஏப்ரல் 3. மாட்ரிட் விளையாட்டு மாளிகை. எதிரே நடப்பு ஐரோப்பிய சாம்பியன், ஜெர்மானியரான பீட்டர் வைலாண்ட். ஏழாவது சுற்றில் நாக் அவுட். தொழில்முறையில் இறங்கி இரண்டு ஆண்டுகூட நிறையாத ஒருவர் ஐரோப்பாவின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஜூன் மாதம் பார்சிலோனாவில் இன்னொரு ஜெர்மானியரான யூர்கன் ப்ளினை எதிர்த்து 15 சுற்றுகள் நின்று, புள்ளிகளில் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். 17 விநாடி வீரர் என்று சிரித்தவர்கள் இந்த 15 சுற்றுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

புகழ் எந்த வடிவத்தில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பத்திரிகைகள், விளம்பரங்கள், நகைச்சுவைத் துணுக்குகள். மனுவேல் சம்மர்ஸ் என்ற இயக்குநர் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார். அதன் தலைப்பைத் தமிழாக்கினால் 'உர்த்தைன், காட்டின் ராஜா... இல்லாவிட்டால் அந்த மாதிரி' என்று வரும். இந்த 'அந்த மாதிரி' வெறும் வேடிக்கை அல்ல. பாஸ்க்காரர்கள் ஸ்பானிய மொழி பேசும்போது வாக்கியத்தின் முடிவில் இப்படிச் சேர்ப்பதாக மற்றவர்கள் கேலி செய்வது வழக்கம். உர்த்தைனின் தாய்மொழி பாஸ்க். ஸ்பானியம் அவருக்கு இரண்டாம் மொழி, அதில் அவர் தடுமாறுவார். கொண்டாட்டத்தோடு கூடவே இந்தக் கேலியும் ஓடியது: பலசாலி, வெள்ளந்தி, பட்டிக்காட்டான், பேச வராதவன். இன்னொருவர் மொழியில் பேசிப் பிழைக்கும் நம்மில் பலருக்கு இந்தச் சிரிப்பின் ஓசை தெரிந்ததுதான்.

அரசியல் பின்னணியை விட்டுவிட்டு இந்தப் புகழைப் புரிந்துகொள்ள முடியாது. உர்த்தைன் ரிங்குக்குள் நுழைந்த அடுத்த மாதம், 1968 ஆகஸ்டில், ஈடிஏ இயக்கம் காவல்துறை அதிகாரி மெலித்தோன் மன்சானாஸைக் கொன்றதைத் தொடர்ந்து கிபுஸ்கோவாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1970 டிசம்பரில், புர்கோஸ் நகர ராணுவ நீதிமன்றத்தில் பாஸ்க் இளைஞர்கள் மீது விசாரணை நடந்து மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஆண்டின் கடைசியில் அவை குறைக்கப்பட்டன. பாஸ்க் மொழிக்குப் பொதுவாழ்வில் இடம் மறுத்த அதே அரசின் தொலைக்காட்சி, அதே மாகாணத்தின் ஒரு பாஸ்க்காரரை ஸ்பெயினின் வலிமைக்கு அடையாளமாகக் காட்டியது. உர்த்தைன் இதில் எந்தப் பக்கமும் பேசியவராகத் தெரியவில்லை. அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. கல் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். குத்தச் சொன்னார்கள், குத்தினார்.

1970 நவம்பர் 10 அன்று லண்டன் வெம்பிளியில் ஹென்றி கூப்பர். 1963இல் காசியஸ் கிளேயை இடது ஹூக்கால் தரையில் உட்காரவைத்த அதே கூப்பர். வயது 36. காயத்தினால் தாம் விட்டுக்கொடுத்த ஐரோப்பியப் பட்டத்தைத் திரும்பப் பெற வந்திருந்தார். உர்த்தைன் முன்னேறிக்கொண்டே இருந்தார், கூப்பரின் இடது கை அவர் முகத்தைப் பதம் பார்த்துக்கொண்டே இருந்தது. எட்டாவது சுற்று முடிந்ததும் ஒன்பதாவதுக்கு அவரால் எழுந்து வர முடியவில்லை. அந்த இரவு அவருடைய அளவு தெரிந்துவிட்டது. துணிச்சல் இருந்தது, தாங்கும் சக்தி இருந்தது. கலை இல்லை. அதைக் கற்பதற்கான ஆண்டுகள் அவருக்குத் தரப்படவே இல்லை.

அடுத்த ஓராண்டில் அந்தப் பட்டம் கைமாறிய வேகம் வேடிக்கையானது. 1971 மார்ச்சில் கூப்பரிடமிருந்து ஜோ பக்னர் பறித்தார். செப்டம்பரில் பக்னரிடமிருந்து ஜாக் போடெல் பறித்தார். டிசம்பர் 17 அன்று மாட்ரிட்டில் போடெலை இரண்டாவது சுற்றில் வீழ்த்தி உர்த்தைன் மீண்டும் சாம்பியன். கூப்பரை வென்றவரை வென்றவரை வென்றவர் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாடு முன்போல் ஆரவாரிக்கவில்லை. புதுமை தீர்ந்துவிட்டிருந்தது. 1972 ஜூன் 9 அன்று, அதே மாட்ரிட்டில், பழைய எதிராளி ப்ளின் வந்து புள்ளிகளில் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகும் ஐந்து ஆண்டுகள் இழுத்தார். 1977 மார்ச்சில் ஆண்ட்வெர்ப்பில், காலியாக இருந்த ஐரோப்பியப் பட்டத்துக்காகப் பெல்ஜியக்காரரான ஜான் பியர் கூப்மனுடன் மோதி நான்காவது சுற்றில் வீழ்ந்தார். அதுவே கடைசி. கூப்பர், ப்ளின், கூப்மன் மூவரும் முகமது அலியோடு மோதியவர்கள். அலியின் நிழல் வரை வந்த உர்த்தைன் அலியை எட்டவே இல்லை. அவருடைய உடல்நலத்துக்கு அது நல்லதாகவே போயிற்று.

ரிங்கைவிட்டு இறங்கியபின் நடந்தவை பல நாட்டு வீரர்களின் கதையில் நாம் படித்தவைதான். சம்பாதித்த பணம் கைகளில் நிற்கவில்லை. மதுக்கடை, உணவு விடுதி என்று தொடங்கியவை நிலைக்கவில்லை. காட்சி மல்யுத்தத்தில் இறங்கினார். முதல் திருமணம் முறிந்தது. குடியும் கடனும் சேர்ந்துகொண்டன. மாட்ரிட்டின் பாரியோ டெல் பிலார் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்தார். 1992 ஜூலை 21 அன்று அங்கே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 49.

அந்த ஆண்டு ஸ்பெயினுக்கு அரங்கேற்ற ஆண்டு. செவில் நகரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அவர் இறந்து நான்காம் நாள் பார்சிலோனா ஒலிம்பிக் தொடங்கியது. தான் புதியவள், ஐரோப்பியள், ஜனநாயகவாதி என்று ஸ்பெயின் உலகத்துக்குக் காட்ட விரும்பிய வாரம் அது. பழைய ஸ்பெயினின் பலசாலிக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

குத்துச்சண்டைக்கே இடமில்லாமல் போயிருந்தது. ஃபிராங்கோ இறந்தபின் 1976இல் தொடங்கப்பட்ட 'எல் பாயிஸ்' நாளிதழ், புதிய ஜனநாயகத்தின் குரலாகக் கருதப்பட்டது. அதன் நடைக் கையேட்டில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: குத்துச்சண்டைப் போட்டிகளைப் பற்றிச் செய்தி வெளியிடுவதில்லை, வீரர்களுக்கு நேரும் விபத்துகளும், அந்தத் தொழிலின் இழிந்த பக்கத்தைக் காட்டும் செய்திகளும் மட்டும் விலக்கு. விதியின் நோக்கம் புரிகிறது. ஆனால் அதன் விளைவு விசித்திரமானது. ஒரு வீரன் வென்றால் செய்தி இல்லை, அழிந்தால் செய்தி உண்டு. உர்த்தைனின் மரணத்தை எல் பாயிஸ் வெளியிட்டது. விதிப்படி அது வெளியிடத்தக்க செய்திதான்.

இறந்தபின் அவரைத் திரும்ப அழைத்து வந்தது விளையாட்டு உலகம் அல்ல, நாடக மேடை. 2008இல் அனிமலாரியோ என்ற மாட்ரிட் குழு, ஹுவான் கவெஸ்தானி எழுதி ஆந்திரேஸ் லிமா இயக்கிய 'உர்த்தைன்' என்ற நாடகத்தை அரங்கேற்றியது. மேடையே குத்துச்சண்டை ரிங். காட்சிகள் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டவை. கதை மரணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. மாட்ரிட் குடியிருப்பிலிருந்து தோல்விகளுக்கு, தோல்விகளிலிருந்து பட்டங்களுக்கு, பட்டங்களிலிருந்து கிபுஸ்கோவாவின் மலைகளுக்கு. உர்த்தைனாக நடித்த ரொபெர்த்தோ ஆலமோ, சிறந்த நடிகருக்கான மேக்ஸ் விருதை 2010இல் பெற்றார். நாடகத்துக்கும் பல விருதுகள் கிடைத்தன. உர்த்தைன் சண்டையிட்டதை ஒருநாளும் பார்த்திராத தலைமுறை அரங்கை நிறைத்தது. தொலைக்காட்சிப் பதிவாகவும் பின்னர் அது காட்டப்பட்டது. தந்தையரும் தாத்தாக்களும் சொன்ன துணுக்குகளில் மட்டும் அந்தப் பெயரைக் கேட்டிருந்தவர்கள், அதன்பின் வைலாண்டோடும் போடெலோடும் அவர் மோதிய பழைய கறுப்பு வெள்ளைப் பதிவுகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள்.